முப்பது பாட்டில் தூக்கம்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற ரோட்டில் இருக்கிறது எங்கள் பார்மசி கல்லூரி. முன்னால் தெரிகிற கண்ணாடிக் கட்டடத்தை யாரோ சென்னையிலிருந்து வந்து கட்டினார்கள், அதைப் பற்றி எனக்குத் தெரியாது. பின்பக்கம், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, தாழ்வாகவும் நீளமாகவும் ஒரு கட்டடம் இருக்கிறதே, அது என்னுடையது. பத்திரத்தில் என் பெயர் கிடையாது. ஆனால் அதற்குக் கலவை தூக்கியவன் நான். கட்டி முடித்ததும், உள்ளே எலி வளர்க்கப் போகிறார்கள், கூண்டு கழுவ ஆள் வேண்டும் என்றார்கள். கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் நின்றேன்.

உயரத்தில் வைத்திருந்த எக்ஸாஸ்ட் ஃபேனைக் கீழே இறக்க வைத்தவன் நான். எலி மூத்திர நெடி தரையோடு நிற்கும் என்பது இன்ஜினியருக்குத் தெரியவில்லை, முட்டி போட்டுக் கழுவுகிறவனுக்குத் தெரிந்தது. எலி வாசனைக்குச் சாரைப்பாம்பு வரும் என்று யாரும் யோசிக்கவில்லை. சுவரைச் சுற்றி ஒரு முழ ஆழத்துக்குக் கம்பி வலை புதைத்தேன். மறைமலைநகர் பட்டறைகளில் கழித்துப்போட்ட இரும்பைக் கொண்டுவந்து ஆறு அடுக்கு ரேக் பற்றவைத்தேன். ஏரி உடைந்து தண்ணீர் வந்தபோது இடுப்பளவு தண்ணீரில் நின்று கூண்டு கூண்டாக மேலே ஏற்றினேன், ஒரு குட்டிகூடப் போகவில்லை. ஊரடங்கில் பஸ் நின்றபோது அங்கேயே படுத்துக் கிடந்தேன். பன்னிரண்டு வெள்ளை எலியில் ஆரம்பித்த இடம் அது. இந்தப் பக்கத்தில் மருந்துப் படிப்பில் டாக்டர் பட்டம் வாங்கினவர்களைப் பிடித்து விசாரித்துப் பாருங்கள். பாதிப் பேருடைய எலி என் கையில் பிறந்தது.

நான் படித்தது நான்காம் வகுப்பு. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பிறந்த யாருக்கும் சொந்தமாக ஒரு கைப்பிடி மண் இருந்ததில்லை. இன்று ஊரப்பாக்கத்தில் ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் மாடி வீடு இருக்கிறது. மகள் நர்ஸ். எல்லாம் எலி கொடுத்தது.

இவ்வளவையும் முதலில் சொல்லக் காரணம், இப்பேர்ப்பட்ட என்னைப் பார்த்து ஒரு கூட்டத்தில் "எலியை மாற்றிப் போட்டுவிட்டான்" என்று சொன்னார்கள்.

எங்கள் கல்லூரியில் பாடம் எடுக்கும் ஒரு மேடம், நாற்பது வயதைத் தாண்டியவர், புதுப்பட்டினத்துக்காரர், வேலை பார்த்துக்கொண்டே டாக்டர் பட்டத்துக்குப் பதிந்திருந்தார். புற்றுநோய்க்குப் போடுகிற ஒரு மருந்து கட்டியை அழிக்கிறபோதே ஈரலையும் கெடுத்துவிடுகிறது. கடற்கரை மணலில் படர்கிற அடம்புக் கொடியின் இலைச்சாறு அந்த ஈரலைக் காப்பாற்றுமா என்று பார்ப்பது அவர் ஆராய்ச்சி. இருபத்துநாலு எலியை ஆறு ஆறாக நாலு கூட்டமாகப் பிரிப்போம். ஒரு கூட்டத்துக்கு எதுவும் கிடையாது, சும்மா வளரும். இரண்டாவது கூட்டத்துக்குப் புற்றுநோய் மருந்து மட்டும். மூன்றாவதுக்கு மருந்தும் கொஞ்சம் சாறும். நான்காவதுக்கு மருந்தும் கூடுதல் சாறும்.

கூண்டில் தொங்குகிற அட்டையில் எல்லாம் இங்கிலீஷில் எழுதியிருக்கும். எனக்கு அது ஓடாது. அதனால் எனக்கென்று ஒரு ஏற்பாடு உண்டு. மீன்வலை பின்னுகிற நைலான் கயிற்றில் துண்டு வெட்டிக் கூண்டின் கைப்பிடியில் கட்டிவிடுவேன். சும்மா வளர்வதற்கு வெள்ளை, மருந்து மட்டும் என்றால் சிவப்பு, கொஞ்சம் சாறுக்குப் பச்சை, கூடுதல் சாறுக்கு நீலம். இரண்டு சுற்று, ஒரு முடிச்சு, நுனியைத் தீக்குச்சியில் உருக்கி ஒட்டிவிடுவேன். அதை அவிழ்க்க முடியாது, வெட்டத்தான் வேண்டும்.

இன்னொரு பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எலி வீட்டுக்குள் நான் கடிகாரம் கட்டமாட்டேன். தண்ணீர் பாட்டில்தான் எனக்குக் கடிகாரம். ரத்தம் எடுப்பதற்கு மயக்க ஊசி போட்ட எலியைத் துணியில் வரிசையாகக் கிடத்திவிட்டு, பக்கத்தில் நின்று பாட்டில் கழுவி நிரப்ப ஆரம்பிப்பேன். முப்பது பாட்டில் முடிகிறபோது முதல் எலி மீசையை ஆட்டும். எத்தனை வருஷமானாலும் அந்தக் கணக்கு ஒன்றிரண்டுக்கு மேல் தவறியதில்லை.

மேடத்தின் முதல் வரிசை எலிகள் நன்றாக வந்தன. அறுத்துப் பார்த்தபோது வெள்ளைக் கயிற்று எலியின் ஈரல் பளபளவென்று இருந்தது. சிவப்புக் கயிற்று ஈரல் வெளிறி, திட்டுத் திட்டாகக் கெட்டிருந்தது. சாறு குடித்த இரண்டு கூட்டமும் நடுவில். மேடம் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் பட்டம் கொடுப்பவர்கள் ஒரு தடவையை நம்பமாட்டார்களாம். இன்னொரு முறை செய்து காட்டச் சொன்னார்கள்.

சில மாதம் கழித்து இரண்டாவது வரிசை. அதில்தான் எல்லாம் கெட்டது. சிவப்புக் கயிற்று எலிகளில் மூன்று, அறுக்கிற நாள் வருவதற்குள்ளேயே செத்தன. பச்சைக்கும் நீலத்துக்கும் சாறு குடித்த அடையாளமே இல்லை. எல்லாவற்றையும்விட, ஒரு மருந்தும் போகாத வெள்ளைக் கயிற்று எலியின் ஈரல் வீங்கியிருந்தது. தராசில் வைத்தபோது மேடம் இரண்டு தடவை முள்ளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

துறைத் தலைவர் கூட்டம் போட்டார். மேடத்துக்கு வழிகாட்டியும் அவர்தான்.

"மருந்து போகாத எலிக்கு ஈரல் எப்படிப் பெருசாகும்? ரெண்டு குரூப்பும் மிக்ஸ் ஆயிருக்கு. வேற வழியே இல்ல."

"முடிச்சு ஒண்ணுகூட அவுரல சார். நீங்களே வந்து பாருங்க" என்றேன்.

என்னோடு வேலை பார்க்கும் அட்டெண்டர் ஒருத்தர் உண்டு. பன்னிரண்டாவது படித்தவர், என் சாவிக்கொத்தின் மேல் அவருக்கு ரொம்ப நாளாகக் கண். அவர் மெதுவாகச் சொன்னார்: "பெருசுக்கு இங்கிலீஷ் வராது சார். கார்டு மாறியிருந்தா அவருக்கு எப்படித் தெரியும்?"

"உனக்கு இங்கிலீஷ் வரும் இல்ல? ஞாயித்துக்கெழம நீதானப்பா டூட்டி? நீ படிச்சிப் பாத்து இன்னா புடுங்கின?" என்றேன்.

தலைவர் மேசையைத் தட்டினார். அடுத்த மாதம் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற நேரம். அதற்குள் காரணம் தெரியாவிட்டால் சாவி அட்டெண்டர் கைக்குப் போகும் என்று நேராகவே சொல்லிவிட்டார். எனக்கு வீடு இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது. போகப் போவது சம்பளம் என்றால் சும்மா இருந்திருப்பேன். எலியை மாற்றினவன் என்ற பேரோடு அந்தக் கேட்டைத் தாண்டி வெளியே போக முடியாது.

அன்றிலிருந்து நான் யாரையும் நம்பவில்லை.

முதலில் அட்டெண்டர். அவர் கட்டும் முடிச்சு எப்படியிருக்கும் என்று பார்க்க, ஒரு மூட்டையைக் கட்டச் சொன்னேன். வாழைநாரைக் கட்டுகிற மாதிரி தொளதொளவென்று கட்டினார். என் முடிச்சு மாதிரி ஏழு ஜன்மத்துக்கும் அவரால் கட்ட முடியாது. எல்லாக் கூண்டிலும் இருந்தது என் முடிச்சு, என் தீக்குச்சி உருக்கல். அப்படியானால் கூண்டை மாற்றவில்லை. அவர் பேரில் சந்தேகம் மட்டும் போகவில்லை, அது வேறு.

அடுத்தது தீனி. பூஞ்சைக் காளான் பிடித்த தீனி ஈரலைக் கெடுக்கும் என்று எனக்குத் தெரியும். மூட்டையின் அடியிலிருந்து உருண்டை எடுத்து உடைத்துப் பார்த்தேன், மோந்து பார்த்தேன், கடைசியில் நானே ஒன்றைக் கடித்துத் தின்றேன். ருசி இல்லை, குற்றமும் இல்லை.

அடுத்தது மேடம். ஏன் கூடாது? முதல் தடவை ஒரு கரையில் பறித்த இலை, இரண்டாம் தடவை வேறு கரையில் பறித்த இலை என்றால்? பழியை என் தலையில் கட்டிவிட்டு அவர் பாட்டுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் சொல்லாமல் புதுப்பட்டினம் போனேன். மேடத்தின் அண்ணன் அங்கே மார்க்கெட்டில் மீன் வியாபாரம் என்று தெரியும். எதிர்ப்பக்கம் நின்று கொஞ்ச நேரம் ஆளை எடை போட்டேன். அவர் என்னை எடை போட்டுவிட்டார்.

"இன்னா அண்ணாத்த, வந்ததுலருந்து நோட்டம் வுட்டுகினே கீறே? மீனு வாங்க வந்தியா, மப்டியில வந்த போலீஸா?"

"உங்க தங்கச்சி அடம்பு எங்க பறிக்குதுன்னு பாக்கணும்."

"எலி வூட்டு ஆளா நீ!" சத்தமாகச் சிரித்தார். "எலிய மாத்தி வுட்டது நீதானா?"

பக்கத்துக் கடை அம்மா மீன் செதிலைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "எல்லாம் வெள்ள எலின்னா மாறத்தான செய்யும்? அது இன்னா சங்கரா மீனா, வவ்வா மீனா, பாத்ததும் தெரியறதுக்கு?"

"எனக்குத் தெரியும்மா. மூஞ்சப் பாத்தா தெரியும்" என்றேன்.

"அப்ப எம் புருசனக் கொஞ்சம் பாத்துச் சொல்லு. அவரும் அப்படித்தான் இன்னா சாப்ட்டாருன்னு மூஞ்சில தெரியாது."

மார்க்கெட்டே சிரித்தது. அண்ணன்காரர் மட்டும் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, கடைக்கு ஆள் சொல்லிவிட்டு, பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டார். படகுகள் நிற்கிற இடத்துக்கு வடக்கே ஒரு மணல்மேடு. மேடு முழுக்க அடம்பு, ஊதாப் பூவோடு.

"இதே மேடுதான். ரெண்டு தபாவும் இங்கதான் பறிச்சோம். கோணிய கட்டிகினு காலேஜுக்கு வந்து எறக்கினதே நான்தான். நீ சந்தேகப்பட்டுகினு வந்த இடம் தப்பு அண்ணாத்த."

நான் இலையைக் கிள்ளிப் பார்த்தேன்.

"எங்க பெரியக்காவுக்கு மார்ல கட்டி. ஊசி நல்லா வேல செய்தாம், ஆனா ஈரல் தாங்கலன்னு பாதியில நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம்தான் தங்கச்சி எலிய அறுக்கப் போச்சு. அது போய் இதுல ஏமாத்துமா?"

அக்கா இப்போது எப்படி இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. அண்ணன்காரர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்ற விதத்திலேயே பதில் இருந்தது. திரும்பும்போது ஒரு பை சங்கரா கொடுத்தார். செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். பழக்கம்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை. வேறொருவருடைய எலிகளுக்கு ரத்தம் எடுக்கிற நாள். எலியை மயக்கி எழுப்புகிற வேலை பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வந்தது. மயக்க ஊசி போட்டார்கள், எலிகளைத் துணியில் கிடத்தினேன், பாட்டிலில் கை வைத்தேன். பதினெட்டாவது பாட்டிலுக்கு மூடி போடுகிறேன், பின்னால் துணி சரசரவென்றது. ஒரு எலி எழுந்து உட்கார்ந்து முகம் துடைத்துக்கொண்டிருக்கிறது.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அட்டெண்டர் மயக்க மருந்தை எடுத்து வெளியே கொடுத்துவிட்டுத் தண்ணீர் கலந்து வைத்திருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். புது மருந்து பாட்டில் வந்தது, என் கண் எதிரே சீல் உடைத்தார்கள். அன்றைக்கும் பத்தொன்பதாவது பாட்டிலில் எலி எழுந்துவிட்டது.

அப்போதுதான் முன்பு ஒரு நாள் மேடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னது ஞாபகம் வந்தது. எந்த மருந்தானாலும் உடம்புக்குள் போனால் அதை அரைத்து வெளியே தள்ளுவது ஈரல் என்றார். மயக்க மருந்தும் மருந்துதானே? முப்பது பாட்டில் நேரத்தில் அரைக்க வேண்டியதை என் எலிகளின் ஈரல் பதினெட்டில் அரைக்கிறது என்றால், ஈரலை யாரோ முடுக்கி விட்டிருக்கிறார்கள். மேடத்தின் எலிக்கு மட்டும் என்று இல்லை, கட்டடத்தில் இருக்கிற எல்லா எலிக்கும். வீங்கின வெள்ளைக் கயிற்று ஈரலுக்கும் அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

எல்லா எலிக்கும் பொதுவாக இருப்பது என்ன? அதே போர் தண்ணீர். அதே தீனி. அதே காற்று. விரலை மடக்கிக்கொண்டே வந்தவன் நாலாவது விரலில் நின்றுவிட்டேன். எலி படுக்கக் கூண்டுக்குள் பரப்புகிற பெட்டிங்.

முன்பெல்லாம் உமிதான். திருக்கழுக்குன்றம் ரைஸ் மில்லிலிருந்து கொண்டுவந்து சலித்து, ஆவியில் வேகவைத்துப் பரப்புவேன். தூசி பறக்கும், நெடி போகாது. மேடத்தின் முதல் வரிசை முடிந்த கையோடு அதை மாற்றினேன். என் மனைவியின் தம்பி மறைமலைநகரில் பேக்கிங் பெட்டி அடிக்கிற ஷெட் வைத்திருக்கிறான். வெளிநாட்டிலிருந்து கார் பாகங்கள் வருகிற மரப் பெட்டிகளைப் பிரித்து இழைத்து மறுபடி பெட்டி அடிப்பார்கள். இழைக்கிறபோது விழுகிற சுருள் மெத்தை மாதிரி இருக்கும், உள்ளே நுழைந்தால் ஊதுபத்திக் கடை வாசனை. அதைப் பார்த்துவிட்டு, இது என் எலிகளுக்கு என்று அன்றைக்கே கோணியில் அள்ளினேன். யாரிடமும் கேட்கவில்லை. என் எலி வீட்டுக்கு எது நல்லது என்று நான் யாரிடம் கேட்க வேண்டும்? பார்வையிட வந்தவர்களும் "இவ்வளவு சுத்தமான அனிமல் ஹவுஸ் நாங்க பாத்ததே இல்ல, வாசனையா இருக்கு" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். துறைத் தலைவர் என் தோளைத் தட்டினார்.

அன்று ரோட்டோரம் நின்று மச்சானுக்குப் போன் போட்டேன்.

"அந்தக் கட்டைக்கு இன்னா பேருடா?"

"பைன் மாமா. இன்னாத்துக்குத் திடீர்னு?"

"மருந்து கிருந்து அடிச்சி அனுப்பறானுங்களா?"

"எனக்கு இன்னா தெரியும்? முத்திர குத்தி கீது, பிரிச்சி அடிக்கறோம். வாசன நல்லாத்தான கீது? நீதான மாமா கோணி கோணியா தூக்கினு போன? நானா வெச்சி அழுத்தினேன்?"

போனை வைத்துவிட்டேன். அவன் சொன்னதில் தப்பு இல்லை, அதுதான் சங்கடம்.

இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்பதையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் வேறு யாராவது எழுதுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டிங் மாற்றுவது அட்டெண்டர். பதிவுப் புத்தகத்தில் அவர் கையெழுத்து. சுருளில் ஏதோ இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு அந்தப் புத்தகத்தைத் தலைவர் முன்னால் வைத்தால் போதும், மீதியை அவர்களே முடிவு செய்திருப்பார்கள். புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்தும் விட்டேன். திறந்து பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் அவர் அழகாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். எந்த மரம் என்று அவருக்குத் தெரியாது. நான் கொட்டிவைத்த மூட்டையை அவர் பரப்பினார், அவ்வளவுதான். புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டு மேடத்திடம் போனேன்.

"மேடம், எலிய யாரும் மாத்தல. பெட்டிங்க மாத்தினவன் நான்."

"எப்போ?"

"உங்க மொத பேட்ச் முடிஞ்சதும்."

பேனாவைக் கீழே வைத்தார். "என்கிட்ட ஏன் அண்ணா சொல்லல?"

"நீங்க கேக்கல."

"நான் கேக்கணுமா?"

"வேணாம் மேடம்" என்றேன். நான் தப்பை ஒத்துக்கொள்வது அபூர்வம், குறித்துக்கொள்ளுங்கள்.

"உங்களுக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம் பாத்து வந்து இதச் சொல்றீங்க. யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"பாட்டிலு சொல்லிச்சி மேடம்."

பதினெட்டு, முப்பது கணக்கைச் சொன்னேன். முழுசாக நம்பவில்லை. ஆனால் விலங்கு ஆராய்ச்சிக்கு அனுமதி கொடுக்கிற கமிட்டியில் கேட்டு அனுமதிக் கடிதம் வாங்கிவந்தார். எட்டு எலியை உமியிலும் எட்டு எலியைப் பைன் சுருளிலும் வைத்து இரண்டு வாரம் வளர்த்தோம். ஊசி போடுகிற அன்று காலையில் அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"எது உமி எலி, எது சுருள் எலின்னு எனக்குத் தெரியக் கூடாது. வெறும் ட்ரேல ஒவ்வொண்ணா கொண்டாங்க. தப்பா நெனைக்காதீங்கண்ணா, உங்க மேல எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கு."

"எனக்கும் உங்க கடிகாரத்து மேல சந்தேகம் கீது மேடம். நீங்க நேரத்த எழுதுங்க, நான் பாட்டில எண்றேன். கடைசியில ஒண்ணா வெச்சிப் பாக்கலாம். அதுவரைக்கும் யாரும் யாருக்கும் சொல்ல வேணாம்."

அன்று மாதிரி நான் பாட்டில் கழுவியதே இல்லை. அவர் பக்கம் திரும்பவில்லை, அவரும் என் பக்கம் திரும்பவில்லை. முடிந்ததும் அவர் தாளையும் நான் அட்டையில் கோடு போட்டு வைத்த கணக்கையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தோம். உமியில் வளர்ந்தது எட்டும் இருபத்தெட்டுக்கு மேல் தூங்கியிருந்தன. சுருளில் வளர்ந்ததில் ஒன்றுகூட இருபத்திரண்டைத் தாண்டவில்லை. எலி எலியாக அவர் கடிகாரமும் அதையே சொன்னது.

மேடம் போனை எடுத்து என்னென்னவோ தேடினார். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தார். "இது வெளிநாட்டுல முன்னாடியே கண்டுபிடிச்சதுதான் அண்ணா. பைன் மாதிரி மரத்து வாசனையிலேயே எலியோட ஈரல் மாறுமாம். மருந்து ஆராய்ச்சிக்கு அதைப் போடவே கூடாதாம். இந்தப் புற்றுநோய் மருந்து ஈரல்ல பட்டுத்தான் வீரியம் ஆகுது. ஈரல் வேகமா வேலை செஞ்சதால நம்ம எலிங்களுக்கு அது ரெண்டு மடங்கு அடிச்சிருக்கு."

அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. செத்த சிவப்புக் கயிற்று எலிகள் மூன்றும் ஞாபகம் வந்தன. அப்புறம் எரிச்சல் வந்தது. முன்பே தெரிந்த விஷயமா? யாருக்குத் தெரிந்திருந்தது? கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து வாசனையாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தவர்களுக்குத் தெரியுமா? அடிக்கடி எலி வீட்டுக்குள் வந்து என் தோளைத் தட்டின தலைவருக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை? தெரியாதென்றால் எனக்கும் அவர்களுக்கும் படிப்பில் என்ன வித்தியாசம்?

சுருள் முழுவதையும் வெளியே அள்ளினேன். இந்தத் தடவை அட்டெண்டரும் கூட அள்ளினார். "இன்னா பெருசு, என்னைய மாட்டி வுட்டிருக்கலாம் இல்ல?" என்று கேட்டார். "யோசிச்சேன்பா" என்றேன். சிரிப்பாரா அடிப்பாரா என்று பார்த்தேன். கடைசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

உமியில் வைத்து மூன்றாவது வரிசை செய்தோம். வெள்ளைக் கயிற்று ஈரல் பழையபடி பளபளத்தது. சிவப்பு கெட்டிருந்தது. பச்சையில் பெரிய மாற்றம் இல்லை. நீலம் நன்றாகத் தேறியிருந்தது. மேடம் தராசு முள்ளை ஒரு தடவைதான் பார்த்தார். என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது, சாவி என்னிடமே இருக்கிறது.

இத்துடன் முடிந்திருக்க வேண்டிய கதை. இந்த வருஷம் மேடத்தின் கட்டுரை அச்சில் வந்தது. பிரதி கொடுத்தார். ஊரப்பாக்கம் வீட்டில் மகளைப் படிக்கச் சொன்னேன். "விலங்குகள் உமிப் படுக்கையில் வைக்கப்பட்டன" என்று ஒரு வரி. கடைசியில் நன்றி: துறைத் தலைவருக்கு, நிர்வாகத்துக்கு, தராசு கொடுத்து உதவிய பக்கத்துத் துறைக்கு. மகள் இரண்டு தடவை படித்தாள். நான் மூன்றாவது தடவையும் படிக்கச் சொன்னேன். தராசுக்குக்கூட நன்றி இருக்கிறது.

மேடத்திடம் போய்க் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "நான் எழுதித்தான் குடுத்தேன் அண்ணா. இரண்டாவது பேட்ச் பத்தியும், பைன் பத்தியும், உங்களப் பத்தியும். சார்தான் அந்தப் பாராவ எடுத்துட்டாரு."

"ஏனாம்?"

கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "பைன் போட்டிருந்த அந்த ஏழெட்டு மாசத்துல இங்க வேற ஆளுங்களும் ஆராய்ச்சி முடிச்சிருக்காங்க இல்ல? இத அச்சுல போட்டா அதயெல்லாம் தோண்டுவாங்கன்னாரு."

அப்போதுதான் எல்லாம் பிடிபட்டது. என்னை யாரும் மறக்கவில்லை. என் பெயரைப் போட்டால் சுருளைப் போட வேண்டும். சுருளைப் போட்டால் லைப்ரரியில் தங்க எழுத்து அச்சடித்து நிற்கிற மற்ற ஆராய்ச்சிப் புத்தகங்களை யாராவது பிரித்துப் பார்ப்பார்கள். அந்த எலிகளும் என் பைன் மெத்தையில் படுத்தவைதான். அந்த ஈரல்களும் அவசரமாக அரைத்த ஈரல்கள்தான். அவற்றை நம்பி யாராவது ஒரு மருந்தின் அளவை முடிவு செய்தால், புதுப்பட்டினத்து அக்கா மாதிரி யாருக்காவது அது போய்ச் சேர்ந்தால், அதற்கு யார் பதில் சொல்வது?

அதனால் மேடத்தையும் துறைத் தலைவரையும் எல்லோர் முன்னாலும் கேட்கிறேன். கெஞ்சவில்லை, கேட்கிறேன். மேடம் பட்டத்துக்காகக் கொடுக்கப் போகிற பெரிய புத்தகம் இன்னும் பைண்டிங்குக்குப் போகவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தப் பாராவை அதில் திரும்ப வையுங்கள். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை பைன் சுருள் கிடந்தது என்று எழுதுங்கள். அதை யாரையும் கேட்காமல் கொண்டுவந்து கொட்டினவன் இன்ன ஆள் என்று எழுதுங்கள். முப்பது பதினெட்டானதைக் கண்டுபிடித்தவனும், தானாகவே வந்து சொன்னவனும் அதே ஆள் என்று எழுதுங்கள். தப்பை மட்டும் போட்டுவிட்டுக் கண்டுபிடித்ததை விடக் கூடாது, கண்டுபிடித்ததைப் போட்டுவிட்டுத் தப்பை விடவும் கூடாது. இரண்டும் என்னுடையது. படிப்பு நான்காம் வகுப்பு என்பதையும் சேர்த்துப் போடுங்கள், எனக்கு வெட்கம் இல்லை.

போட்டுவிட்டோம் என்று யாராவது வந்து சொன்னால் நம்பமாட்டேன். இங்கிலீஷில் எனக்கு வேறு எதுவும் ஓடாது, ஆனால் என் பெயர் எப்படி இருக்கும் என்று தெரியும். புத்தகத்தைக் கொண்டுவந்து கையில் கொடுங்கள், இருக்கிறதா என்று நானே பார்த்துக்கொள்கிறேன்.